மலை இறங்குமுன் ஒரு கேள்வி



ஒரு காலத்தில் நம் பங்குகளில் கார் என்பது விரல்விட்டு எண்ணத்தக்க பொருளாக இருந்தது. பங்குத் தந்தையின் ஜீப்பு ஒன்று. ஊர்ப் பெரியவர் ஒருவரின் அம்பாசிடர் ஒன்று. இவற்றைத் தவிர வேறொரு வண்டி கோயில் முற்றத்தில் வந்து நின்றால், சிறுவர்கள் சூழ்ந்துகொண்டு தொட்டுப் பார்ப்பார்கள். 1983-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மாருதி 800 வெளிவந்த பின்னர் இந்நிலை மெல்ல மாறத் தொடங்கியது. இன்றோ ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தால், எவருடைய கார் எவருடைய காரை மறித்து நிற்கிறது என்பதே பெரும் பேச்சாகிவிடுகிறது. ஆசிரியர்கள், செவிலியர்கள், சிறு வணிகர்கள், வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர்கள் எனப் பலரும் கடன் வாங்கியேனும் ஒரு வண்டி வைத்திருக்கின்றனர். இதில் தவறேதுமில்லை. முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், மழையில் நனையாமல் குழந்தைகளை வீடு சேர்க்கவும் கார் உதவுகிறது. அது இன்று ஆடம்பரமன்று. பல இல்லங்களில் அது தேவையே.

வண்டி வீட்டுக்கு வந்த நாளில் நாம் என்ன செய்கிறோம்? மாலை சூட்டுகிறோம். குருவானவரிடம் கொண்டுசென்று மந்திரித்துப் பெறுகிறோம். முன்கண்ணாடியருகே செபமாலையோ, வழிப்போக்கரின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோபரின் உருவமோ தொங்கவிடுகிறோம். இவையெல்லாம் நல்ல வழக்கங்களே. ஆனால் அதற்குப் பின்னர்? வண்டியின் மேனியைத் துடைக்கிறோம், இருக்கைக்கு உறை போடுகிறோம், பாட்டுப்பெட்டி பொருத்துகிறோம். வண்டிக்கு அடியிலும் உள்ளேயும் இருந்துகொண்டு நம் உயிரைத் தாங்குகின்ற பொருள்களை மட்டும் எவரோ பார்த்திருப்பார்கள் என்று விட்டுவிடுகிறோம். ‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’ என்பது நம் முன்னோர் மொழி. அந்த அச்சாணியைப் பற்றியே இம்மாதம் பேச விழைகிறோம். பிறருக்குப் புத்தி சொல்லும் நோக்கம் நமக்கில்லை. நாமே தவறி, நாமே தப்பிப் பிழைத்த கதை இது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் ஒரு பழைய கார் வாங்கினோம். ஏழாண்டுகள் ஓடிய வண்டி. தரகர் ஒருவர் வழியாக வந்தது. வண்ணம் புதிதாக இருந்தது. இருக்கைகள் மாசின்றி இருந்தன. வாங்கிய பின்னர் ஓரிடத்தில் சர்வீசுக்கு விட்டோம். இயந்திர எண்ணெய் மாற்றப்பட்டது, வண்டி மெருகேற்றப்பட்டது, உள்ளே நறுமணப் பொருள் ஒன்றும் வைக்கப்பட்டது. ரசீதில் ‘பிரேக் சரிபார்ப்பு’ என்று ஒரு வரியும் இருந்தது. அதற்குமேல் நாம் எதையும் கேட்கவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் புறப்பட்டோம். தாயார், இல்லத்தரசி, பிள்ளைகள் இருவர், நாம் என ஐவர். பின்பெட்டி நிறைய மூட்டைகள். கூரைமீதும் ஒரு மூட்டை. விடியற்காலையில் தருமபுரியைக் கடந்து, பாளையம்புதூர் சுங்கச்சாவடியைத் தாண்டி, தொப்பூர் இறக்கத்தை அடைந்தோம். அந்நாளில் நமக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. இறக்கம் வந்தவுடன் வண்டியை நியூட்ரலில் விட்டுவிடுவோம். ‘பெட்ரோல் மிச்சமாகும்’ என்று நண்பர் ஒருவர் சொன்னதை வேதவாக்காகக் கொண்டிருந்தோம். வண்டி தானே உருண்டது. வேகம் கூடும்போதெல்லாம் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே இறங்கினோம்.

பாதி இறக்கத்தில் காரினுள் தீய்ந்த நாற்றம் ஒன்று எழுந்தது. வெளியே போகும் லாரியிலிருந்து வருகிறது என்று எண்ணினோம். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தபோது கால், பஞ்சுமூட்டையை மிதித்தாற்போல் உள்ளே போயிற்று. வண்டி வேகம் குறையவில்லை. முன்னே ஒரு சரக்கு லாரி, பின்னே இன்னொன்று. அந்தக் கணத்தில் நம் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது என்பதை இங்கே எழுத்தில் கொண்டுவர இயலாது. மீண்டும் மீண்டும் வேகமாக மிதித்தோம். சற்றே பிடித்தது. மூன்றாம் கியரிலும், பிறகு இரண்டாம் கியரிலும் வண்டியைச் சேர்த்தோம். இயந்திரம் அலறியது. கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, இடப்புறம் அகன்றிருந்த மண்தரையில் ஒருவாறு நிறுத்தினோம்.

“என்னப்பா, வண்டி ஏன் இப்படிக் கத்துது?” என்றார் பின்னிருக்கையில் செபமாலை சொல்லிக்கொண்டு வந்த தாயார்.

“ஒன்றுமில்லை அம்மா, வண்டி கொஞ்சம் சூடாகிவிட்டது” என்றோம். நம் கைகள் நடுங்கிக்கொண்டிருந்ததை இல்லத்தரசி மட்டும் கண்டுகொண்டார்.

அரை மணி நேரம் சென்றபின் பிரேக்கை மிதித்துப் பார்த்தோம். முன்போலவே உறுதியாக நின்றது! ‘சரியாகிவிட்டது, புறப்படலாம்’ என்றே எண்ணினோம். இல்லத்தரசி இசையவில்லை. அவர் வற்புறுத்தியதால், தொப்பூரிலிருந்து மெக்கானிக் ஒருவரை அழைத்தோம். வயதானவர், இருசக்கர வண்டியில் ஒரு பழைய தகரப்பெட்டியுடன் வந்தார். காரின் மூடியைத் திறந்து, சிறிய புட்டி ஒன்றின் மூடியைக் கழற்றி, உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். அதிலிருந்த திரவம் காப்பி டிகாக்‌ஷனைப் போல் கறுத்துக் கிடந்தது.

“சார், இந்தப் பிரேக் ஆயிலை எப்ப மாத்தினீங்க?”

“சர்வீசில் விட்டபோது மாற்றியிருப்பார்கள்.”

அவர் நம்மை நிமிர்ந்து பார்த்தார். “மாத்தியிருப்பாங்கன்னு சொல்றீங்க. மாத்தினாங்களா?”

வாசகர்களே, அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. அன்று முதல் இன்று வரை அக்கேள்வி நம் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. ஐந்து உயிர்களை ஏற்றிக்கொண்டு மலை இறங்கியவர் நாம். ‘இருப்பார்கள்’ என்ற ஒரு சொல்லின் மேல் அவ்வளவு பாரத்தையும் வைத்திருந்தோம்.

அன்று நிகழ்ந்தது என்ன? காலால் நாம் தரும் அழுத்தம் பிரேக் ஆயில் என்ற திரவத்தின் வழியாகவே சக்கரங்களுக்குச் சென்று சேருகிறது. வழக்கில் ஆயில் என்றாலும் அது எண்ணெய் அன்று. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு. மழைக்காலத்தில் ஜாடியிலுள்ள உப்பு நீர்விடுவதை நம் இல்லத்தரசிகள் அறிவர், ஏறக்குறைய அதுபோலத்தான். ‘டாட் 3’ எனப்படும் வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியசு வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான நீர் அதில் சேர்ந்துவிட்டாலே, கொதிநிலை 140 பாகை அளவுக்கு இறங்கிவிடக்கூடும். ‘டாட் 4’ வகைக்கு இவ்வளவுகள் 230-ம் 155-ம் ஆகும். திரவம் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. திரவத்தை அமுக்க முடியாது. ஆவியை அமுக்க முடியும். ஆகவே காலின் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே வீணாகிறது. சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. வெப்பம் தணிந்ததும் ஆவி மீண்டும் திரவமாகிறது, பிரேக்கும் திரும்பிவிடுகிறது. நம்மை ஏமாற்றுவது இதுவே. அரை மணி நேரம் கழித்துப் பிரேக் நன்றாயிருக்கிறது என்று புறப்படுகிறவர், அடுத்த இறக்கத்தில் அதே ஆபத்தை மீண்டும் சந்திப்பார்.

இவ்வளவு வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று ஐயுறுவோர்க்கு ஓர் எளிய கணக்கு. ஆட்களும் மூட்டைகளுமாக 1,300 கிலோ எடையுள்ள ஒரு கார், 100 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். வேகம் கூடாமல் அதைப் பிரேக்கினால் மட்டுமே அடக்கினால், அதில் பிறக்கும் வெப்பம் ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஒரு பெரிய குடும்பத்துக்குச் சோறு வடிக்க வைக்கும் உலைநீர் அவ்வளவுதான் இருக்கும். அந்த அடுப்பு முழுவதும் நான்கு சக்கரங்களுக்குள் எரிகிறது! பல டன் சுமையுள்ள லாரிக்கு இக்கணக்கைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி, நியூட்ரல் என்னும் மயக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்புரேட்டர் இருந்த பழைய வண்டிகளில் அதனால் சிறிது எரிபொருள் மிஞ்சியிருக்கலாம். இன்றைய கார்களில் எரிபொருளை அளந்து செலுத்துவது கணினி. கியரில் இருக்கும்போது முடுக்கியிலிருந்து காலை எடுத்துவிட்டால், இறக்கத்தில் அது எரிபொருளையே நிறுத்திவிடுகிறது. சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்றுகின்றன. நியூட்ரலில் விட்டாலோ, இயந்திரம் அணையாதிருக்க எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். ஆகவே மிச்சம் என்று நாம் நம்பியது மிச்சமே அன்று. இயந்திரத்தை அணைத்துவிட்டு உருட்டுவது அதைவிடக் கொடிது. பிரேக்குக்கு வலுவூட்டும் வெற்றிடம் ஓரிரு மிதியில் தீர்ந்துபோகும், சுக்கான் கனத்துவிடும், சாவியைக் கழற்றிவிட்டால் சுக்கான் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

மலை இறங்குவதற்கு அனுபவமுள்ள ஓட்டுநர்கள் கூறும் விதி ஒன்றுண்டு: ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ, இறங்குவதற்கும் அந்தக் கியரே. இன்றைய வண்டிகளில் அதற்கும் ஒருபடி கீழே வைத்துக்கொள்வதில் தவறில்லை. இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் மிஞ்சிய பின் தேடக்கூடாது. கிளட்சில் கால் வைத்துக்கொண்டு உருட்டுவதும் நியூட்ரலுக்கு ஒப்பானதே. பிரேக்கின்மேல் காலை ஓயாமல் வைத்திருத்தல் ஆகாது. வேகம் கூடியபோது ஒருமுறை உறுதியாக மிதித்து, வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும். அந்த இடைவெளியில் பிரேக் மூச்சுவிட்டுக்கொள்ளும். தானியங்கிக் கியர் உள்ள வண்டிகளிலும் கீழ்க்கியரில் நிறுத்திவைக்கும் வழி உண்டு. வண்டியுடன் வந்த கையேட்டில் அது இருக்கும்.

நம் மாவட்டத்தார்க்கு இவ்வறிவு மற்றவர்களைவிட மிகுதியாக வேண்டும். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, இப்பகுதியில் முன்னர் 7-ஆம் எண் என்று வழங்கியது, நம் தருமபுரியைக் கடந்து தொப்பூரில்தான் சேலத்துச் சமவெளியை நோக்கி இறங்குகிறது. வடக்கேயிருந்து நெடுந்தொலைவு வந்த லாரிகள், களைத்த ஓட்டுநர்களுடன் இங்கே இறங்குகின்றன. 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், முன்னர் நிகழ்ந்த ஒரு விபத்தினால் தேங்கி நின்ற வண்டிகளின் மீது கட்டுப்பாடிழந்த லாரி ஒன்று மோதியது. பத்துக்கு மேற்பட்ட வண்டிகள் நொறுங்கின, நால்வர் மாண்டனர். 2024-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் நாள் மீண்டும் அதே இறக்கத்தில் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பற்றின. அன்றும் நால்வர் உயிர் நீத்தனர். பலருடைய நினைவில் நிலைத்தவை இவை இரண்டு. நினைவில் நில்லாதவை எத்தனையோ.

இச்செய்திகளைப் படிக்கும்போது லாரி ஓட்டுநர்மீது சினங்கொள்வது எளிது. ஆனால் அவர்களிலும் நம் உறவினர் உண்டு. நம் பங்கு மக்கள் உண்டு. டீசலில் மிச்சம் பிடித்தால்தான் கையில் நாலு காசு நிற்கும் என்ற நெருக்கடியில் நியூட்ரலில் உருட்டுகிறவர் இருக்கின்றனர். ஓய்வின்றி ஓட்ட வைக்கும் முதலாளிகளும் இருக்கின்றனர். சாலையைத் திருத்துவது அரசின் கடமை. அதை நாம் உரிமையோடு கேட்கவும் வேண்டும். அதுவரை, நம் கையிலுள்ளதை நாம் செய்வோம்.

நம் கையிலுள்ளவை எவை? இறக்கத்தில் லாரிக்கு முன்னே திடீரென்று புகுந்து பிரேக் போடாதீர்கள். உங்கள் கார் நிற்கும் தொலைவில் அது நிற்காது. இரண்டு கனரக வண்டிகளுக்கு நடுவே நெடுநேரம் செல்லாதீர்கள். தொலைபேசியில் பேசவோ படம் எடுக்கவோ வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள். முன்னே நெரிசல் கண்டால், நான்கு விளக்குகளையும் மின்னவிட்டு, முன்வண்டிக்கும் நமக்கும் இடையே இடம்விட்டு நின்று, பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருங்கள். பாதுகாப்பாக இறங்க இடமிருந்தால், குடும்பத்தினரைச் சாலைத் தடுப்புக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்துங்கள். வத்தல்மலை போன்ற குறுகிய மலைச்சாலையில், ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிடுவதே முறை.

பிரேக் பிடிக்காமலே போய்விட்டால், இயந்திரத்தை அணைக்காதீர்கள். மிதியை விரைந்து பலமுறை மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கைப்பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் சிறிது சிறிதாக இழுங்கள். ஒலியெழுப்பி, விளக்குகளை எரியவிட்டு மற்றவரை எச்சரியுங்கள். வேறு வழியே இல்லையெனில், பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சரிவின் பக்கமாக வண்டியை உரசி நிறுத்துங்கள். தகரம் நசுங்கினால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம்.

இவ்வளவும் ஆபத்து வந்தபின் செய்பவை. வருமுன் செய்ய வேண்டியது அந்த மெக்கானிக் கேட்ட கேள்வியை நாமே கேட்டுக்கொள்வதுதான். பிரேக் ஆயிலை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொது வழக்கு. அதற்காகும் செலவு, ஒரு திருமணத்துக்குப் போய்வரும் பெட்ரோல் செலவைவிடப் பெரும்பாலும் குறைவே. ‘சரிபார்த்தோம்’ என்று எழுதிக் கொடுப்பதை ஏற்காமல், ‘மாற்றினீர்களா? பழைய கட்டைகளைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டயரிலும் இதே கேள்வி. பட்டை ஆழமாக இருப்பதைக் கண்டு பலர் ஏமாறுகின்றனர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் ஒரு சிறு கட்டத்தினுள் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஐந்தாண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்ட வேண்டும். பத்தாண்டு கடந்ததைப் பட்டை தேயாவிடினும் வைத்துக்கொள்ளல் ஆகாது. பட்டையின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது மழையில் வழுக்கும். காற்றை, வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் காலையில் பாருங்கள். எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கத்துக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும். நிறைய ஆட்களுக்கு வேறளவும் அங்கேயே இருக்கும். காற்றுக் குறைந்த டயர் வளைந்து வளைந்து சூடேறி வெடிக்கிறது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இதை மறத்தலாகாது. ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா? ‘இருக்கும்’ என்று சொல்லாதீர்கள், இறக்கிப் பாருங்கள்.

ஆவணங்களிலும் இதே கேள்விதான். நாம் வாங்கிய அந்தக் காரின் ஆர்.சி. எட்டுத் திங்கள் வரை முந்தைய உரிமையாளரின் பெயரிலேயே இருந்ததை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். ‘தரகர் மாற்றியிருப்பார்’ என்றிருந்தோம்! மோட்டார் வாகனச் சட்டப்படி, இதே மாநிலத்துக்குள் வண்டியை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரையே உரிமையாளராகக் கொண்டு, விபத்து இழப்பீட்டுப் பொறுப்பை அவர்மீது வைத்தது உச்ச நீதிமன்றம், 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில். வண்டியை விற்றுவிட்டுப் பெயரை மாற்றாதிருக்கும் குடும்பம், எவரோ செய்யும் விபத்துக்குத் தன் வீட்டையும் நிலத்தையும் ஈடுவைத்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

காப்பீட்டையும் எடுத்துப் படியுங்கள். 2018 செப்டம்பர் முதல் நாள் தொட்டு, புதிய கார்களுக்கு மூன்றாண்டுக்குச் சேர்த்தே மூன்றாம் தரப்புக் காப்பீடு எடுக்க வேண்டும் என்றாயிற்று. அது நம் வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்கானது. நம் வண்டியின் சேதத்துக்கான பகுதி ஓராண்டில் முடிந்திருக்கலாம். ‘மூன்றாண்டுக்குக் கட்டியிருக்கிறோமே’ என்று இருந்துவிட்டுப் பின்னர் கலங்குவோர் உண்டு.

சாலையில் பிறர் அடிபட்டுக் கிடந்தால் என்ன செய்வது? ‘போலீசு, வழக்கு என்று அலைய நேரும்’ என்ற அச்சத்தால் காரை நிறுத்தாமல் போகிறவர் இன்னும் உண்டு. எரிக்கோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப் போனவர் இருவர், நின்றவர் ஒருவர் என்பதை நாம் அறிவோம். இன்று சட்டமும் நின்றவர் பக்கம் நிற்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடர இடமில்லாமல் காக்கிறது. அப்பிரிவு அவருக்குச் சூட்டிய பெயரே ‘நல்ல சமாரியர்’ என்பதுதான்! ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்படி, விபத்துக்குள்ளானவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கும். இதைக் குடும்பத்தில் எல்லோரும் அறிந்திருக்கட்டும்.

‘இத்தனைக்கும் பணத்துக்கு எங்கே போவது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. கார் வாங்கும்போது மாதத் தவணையை மட்டும் கணக்கிடுகிறோம், பெட்ரோலையும் சேர்த்துக்கொள்கிறோம். டயர், பேட்டரி, பிரேக், காப்பீடு ஆகியவை திடீரென்று வந்து நிற்கும்போது திகைக்கிறோம். நம் இல்லத்தில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மாதந்தோறும் ஒரு சிறுதொகை ‘வண்டிக்கு’ என்று தனியே எடுத்துவைக்கப்படுகிறது. அத்துடன் ஒரு நோட்டுப் புத்தகம். எந்த நாளில், எத்தனை கிலோமீட்டரில், எது மாற்றப்பட்டது என்று அதில் எழுதுகிறவர் இல்லத்தரசி. ரசீதைக் கண்ணால் கண்டபின்பே அவர் எழுதுவார். ‘மாற்றியிருப்பார்கள்’ என்ற சொல்லுக்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை.

இன்னும் ஒன்று. அன்று அரை மணி நேரத்தில் பிரேக் திரும்பியபோது, நாம் புறப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? நம்மைத் தடுத்தது ஓட்டத் தெரிந்த நம் அறிவன்று. ஓட்டத் தெரியாத இல்லத்தரசியின் பிடிவாதம். பல வீடுகளில் சுக்கானைப் பிடித்தவரிடம் எவரும் வாய் திறப்பதில்லை. மனைவி ‘மெதுவாகப் போங்கள்’ என்றால், ‘உனக்கென்ன தெரியும்’ என்ற பதில் வருகிறது. பிள்ளைகள் அஞ்சினால் கேலி செய்கிறோம். காரிலுள்ள ஒவ்வோர் உயிரும் ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொருவருக்கும் கேட்கும் உரிமை உண்டு. சுக்கானைப் பிடித்திருக்கும் தந்தையரே, அண்ணன்மாரே, அக்குரலுக்குச் செவிகொடுங்கள்.

அன்று தொப்பூர் மெக்கானிக் புதிய ஆயில் ஊற்றி, பழையதையெல்லாம் வெளியேற்றி முடிக்க ஒன்றரை மணி நேரமாயிற்று. பேசிய கூலிக்கு மேல் ஒரு காசும் அவர் வாங்கவில்லை. “ரெண்டாவது கியர்லயே இறங்குங்க சார். அவசரம் வேண்டாம். கோயில் அங்கேயேதான் இருக்கும்” என்றார். கொடியேற்றத்துக்கு நாங்கள் போய்ச் சேரவில்லை. மறுநாள் காலைத் திருப்பலியில் ஐவரும் ஒன்றாக நின்றோம். நம்மருகே நின்ற தாயார்க்கு நடந்தது எதுவும் தெரியாது. பயணம் நல்லபடியாக அமைந்ததற்கு அவர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த ஞாயிறு கோயிலுக்குப் புறப்படுமுன், காரின் மூடியைத் திறந்து அந்தச் சிறிய புட்டியை ஒருமுறை பாருங்கள். அதிலிருப்பது கறுத்திருந்தால், திங்கட்கிழமையன்று முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள்.